போட்டி குறைத்த செல்பேசிக் கட்டணம் மீண்டும் உயர்ந்தது ஏன்?

ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் 2024 ஜூலை மாதத் தொடக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்பேசிக் கட்டணங்களை உயர்த்தின. பல திட்டங்களின் விலை 10 முதல் 25 சதவீதம் வரை கூடியது. ஒரு காலத்தில் விலையைக் குறைப்பதில் போட்டியிட்ட துறையில் இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது?

இந்தியாவில் செல்பேசிச் சேவை 1995-ஆம் ஆண்டு தொடங்கியபோது, பேசுபவர் மட்டுமன்றி அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் புதிய நிறுவனங்கள் வரத் தொடங்கின. 2010-ஆம் ஆண்டு வாக்கில் சில தொலைத்தொடர்பு வட்டாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிட்டன. எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து, போட்டியை மேலும் கூர்மையாக்கியது.

பெரிய திருப்பம் 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி நிகழ்ந்தது. அன்று களமிறங்கிய ஜியோ, 4ஜி இணையத்தையும் அழைப்புகளையும் 2017 மார்ச் வரை இலவசமாக வழங்கியது. 170 நாட்களில் அதன் வாடிக்கையாளர் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது. மற்ற நிறுவனங்களும் விலையைக் குறைக்க நேர்ந்தது. அரசின் கணக்குப்படி 2014-இல் சுமார் 269 ரூபாயாக இருந்த 1 ஜிபி இணையத்தின் சராசரி விலை, பின்னர் 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. கோடிக்கணக்கானோருக்கு இணையம் எட்டும் பொருளானது.

ஆனால், அந்த விலையை எல்லா நிறுவனங்களாலும் தாங்க முடியவில்லை. ஏர்செல் 2018-இல் திவால் நடைமுறைக்குச் சென்றது. அதே ஆண்டில் டெலினாரின் இந்தியப் பிரிவு ஏர்டெல்லுடன் இணைந்தது. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. டாடா நிறுவனத்தின் செல்பேசிச் சேவை 2019-இல் ஏர்டெல் வசமானது. அந்த ஆண்டு அக்டோபரில், அரசுக்குச் செலுத்த வேண்டிய வருவாய்ப் பங்கு குறித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, எஞ்சிய பழைய நிறுவனங்களின் கடன் சுமையைப் பெருக்கியது. முடிவில், பொதுத்துறையின் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் தவிர மூன்று நிறுவனங்களே நாடு தழுவிய அளவில் நிலைத்தன.

அதன் பிறகு 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மூன்று முறை கட்டணங்கள் பரவலாக உயர்ந்தன. அலைக்கற்றைக்கும் 5ஜி கட்டமைப்புக்கும் பெரும் முதலீடு தேவைப்பட்டதும் இதற்கு ஒரு காரணம். எனினும், பத்து பேர் போட்டியிடும் சந்தையில் விலையை உயர்த்துபவர் வாடிக்கையாளரை இழப்பார். மூவரும் சேர்ந்தாற்போல் உயர்த்தினால் வாடிக்கையாளருக்குப் போக்கிடம் குறைவு.

விளையாட்டுக்கும் வணிகத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே. ஐபிஎல் தொடரில் தோற்கும் அணி அடுத்த ஆண்டும் களம் காண்கிறது. வசதி மிக்க அணியே எல்லா வீரர்களையும் வாங்கிவிடாதபடி, ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் ஒரே செலவு வரம்பு விதிக்கப்படுகிறது. 2025 தொடருக்கு அது 120 கோடி ரூபாய். சந்தையில் தோற்கும் நிறுவனமோ களத்தைவிட்டே வெளியேறிவிடுகிறது.

எஞ்சியிருக்கும் போட்டியாளரின் மதிப்பு 2024 கட்டண உயர்வின்போதே தெரிந்தது. கட்டணத்தை உயர்த்தாத பிஎஸ்என்எல், அந்த ஜூலை மாதத்தில் மட்டும் சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்களைக் கூடுதலாகப் பெற்றது. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் உருவான அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. வோடபோன் ஐடியாவின் நிலுவைகளைப் பங்குகளாக மாற்றிய மத்திய அரசிடம், இப்போது அந்நிறுவனத்தின் சுமார் 49 சதவீதப் பங்குகள் உள்ளன.

இவ்விரு நிறுவனங்களும் நலிந்தால், நாட்டின் செல்பேசிச் சந்தை இரு நிறுவனங்களின் கைக்குள் அடங்கிவிடும். எனவே இவை நிலைபெறுமா என்பது பங்குதாரர்களின் கவலை மட்டுமன்று. மாதந்தோறும் ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொருவரின் செலவையும் தீர்மானிக்கும் கேள்வியாகும்.