மெதுவான சர்வீஸ் தவறான சர்வீஸா?

1987 டிசம்பரில் சுவீடனின் கோதன்பர்க்கில் நடந்த டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதியாட்டத்தில் இந்தியா சுவீடனிடம் 5–0 என்று தோற்றது. முதல் நாளிலேயே சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனை மட்ஸ் விலாண்டர் மூன்று நேர் செட்களில் வென்றார். ரமேஷின் சர்வீஸில் வேகம் கிடையாது. தோல்விக்கு அதுவே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் 1989 ஜனவரியில் மெல்பேர்னில் அதே சர்வீஸோடு ரமேஷ் அதே விலாண்டரை 6–3, 6–2, 7–6 என்று வீழ்த்தினார். விலாண்டர் அப்போது உலகின் முதல்நிலை வீரர், ஆஸ்திரேலிய ஓப்பனின் நடப்புச் சாம்பியன். கோதன்பர்க்கின் களிமண் தரை பந்தின் வேகத்தைக் குறைத்து, எதிராளிக்கு ஓடிப்பிடிக்க அவகாசம் தந்தது. மெல்பேர்னின் கடினத் தரையில் அந்த அவகாசம் சுருங்கியது. சர்வீஸை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஓர் ஆட்டக்காரரை எடைபோட முடியாது என்பதற்கு இந்த இரண்டு ஆட்டங்களே போதும்.

வேகமாக வரும் பந்துக்கு ராக்கெட்டைக் காட்டினாலே அது வேகமாகத் திரும்பும். மெதுவாக, சரியான இடத்தில் விழும் பந்துக்கு எதிராளி தன் பலத்தைத் தானே போட வேண்டும்; அங்கே பிழை வருகிறது. சர்வீஸ் என்பது அடுத்த அடிக்கான தயாரிப்பும்தான். ஒஸ்லோவில் பிறந்த காஸ்பர் ரூட், உயர எழும்பும் சர்வீஸால் தன் போர்ஹேண்டுக்கு வழி திறந்தே 2022, 2023 பிரெஞ்சு ஓப்பன் இறுதிவரை போனார். மெதுவான சர்வீஸ் இலவசப் புள்ளிகள் தராது என்ற மறுப்பு நியாயமானது. ரமேஷ் எட்டிய உச்சம் 1985இல் 23ஆம் இடம்; கூடுதல் வேகம் இருந்திருந்தால் இன்னும் ஏறியிருப்பார் என்றே நானும் நினைக்கிறேன்.

விசித்திரமான சர்வீஸ் மேதைகளுக்கு மட்டுமே சரிவரும் என்பது இன்னொரு மறுப்பு. அமெரிக்க வீரர் ஜான் மெக்கன்ரோ வலைக்கு ஏறக்குறைய முதுகைக் காட்டி நின்றார். இன்னொரு அமெரிக்கரான ஆண்டி ராடிக் ராக்கெட்டைக் கீழிறக்கிச் சுழற்றும் வழக்கத்தை விட்டு, நேரே மேலே தூக்கினார். 2004இல் அவர் அடித்த சர்வீஸின் வேகம் மணிக்கு 249 கி.மீ. மாறியது தொடக்கம் மட்டுமே. கால் உந்தல், இடுப்பு, தோள் என்று விசை ஏறிவரும் வரிசையும், பந்தைத் தொடும் உயரமும் இருவரிடமும் பிசகவில்லை. அந்த வரிசை குலைந்தால் திருத்தித்தான் ஆக வேண்டும். 2022 தொடக்கத்தில் இரட்டைத் தவறுகளால் தவித்து, கையைத் தாழ்த்தியும் சர்வீஸ் போட்ட பெலாரஸ் வீராங்கனை அரினா சபலென்கா, உடலியக்க நிபுணரின் துணையோடு அசைவைச் சீரமைத்து 2023இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார்.

பிள்ளைகளை டென்னிஸுக்கு அனுப்பும் பெற்றோரே, பயிற்சியாளர்களே, வலி தராமல், பந்து சொன்ன இடத்தில் விழும்வரை, பிள்ளையின் சர்வீஸ் பார்வைக்கு வேறாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை மாற்றாதீர்கள்.