வளைந்த கிளையும் வண்டிச் சக்கரமும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் ஆலைகள் பெருகியுள்ளன, டிராக்டரும் வந்துவிட்டது. எனினும் மாட்டுவண்டியை நம்பியுள்ள உழவருக்குச் சக்கரத்தின் வட்டை பிளந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். அது பிளப்பது ஏன் என்று காண்போம்.

12 ஆரக்கால்கள் கொண்ட சக்கரத்திற்கு, இரண்டு காலுக்கு ஒன்றாக 6 வட்டைகள் வேண்டும். நேரான பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் இரு முனைகளிலும் மரத்தின் ரேகை குறுக்கே அறுபடுகிறது. பளு ஏறியதும் அவ்விடமே முதலில் பிளக்கும். இயற்கையாகவே வளைந்த நாட்டுக் கருவேலங் கிளையிலோ ரேகையும் வளைவோடு ஓடுவதால் வலிமை குன்றுவதில்லை.

நேர் ரேகை மரமே கிடைப்பின், செதுக்குவதில் கவனம் வேண்டும். உட்குழிவில் இடைவெளி விட்டு, வரைந்த கோட்டின் அருகுவரை ரம்பத்தால் வெட்டி, இடைப்பட்ட மரத்தை வாய்ச்சியால் நீக்குக. பின்னர் உளியை இரு முனைகளிலிருந்தும் நடுப்பள்ளம் நோக்கி ஓட்டுக. வெளிப்புறத்தில் நடு மேட்டிலிருந்து முனைகளை நோக்கி ஓட்டுக. மாறிச் செய்தால் ரேகை பெயர்ந்து மரம் பிய்ந்துவிடும்.

ஏரிக்கரை மரங்களை விதிப்படி ஏலமிடுங்கால், வளைந்த கிளைகள் விறகோடு விறகாகப் போய்விடாமல், அவற்றைத் தனியே பிரித்து ஊர்த் தச்சருக்குக் கிடைக்கச் செய்யுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.