கூலி கூடினால் வேலை போகுமா?

பக்கத்து வீட்டு அம்மாள் தன் மகனுக்கு ஒரு வருடமாக டானிக் கொடுத்தாள். பையன் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான். "எல்லாம் டானிக்கின் மகிமை!" என்கிறாள் அவள்.

நம் வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான். அவன் டானிக்கைத் தொட்டதே இல்லை. அவனும் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறான்! அப்படியானால் டானிக் செய்தது என்ன?

இப்படிக் கேட்கத் தெரிந்தவர், ஒரு பெரிய படிப்பின் வாசலுக்கு வந்துவிட்டார். அதற்குப் "பொருளாதார அளவையியல்" என்று பெயர். விலை, கூலி, வேலை முதலியவற்றில் எது எதனால் நடந்தது, எவ்வளவு நடந்தது என்று எண்களால் அளந்து பார்க்கும் படிப்பு அது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கழித்தல் கணக்குத் தெரிந்தால் போதும்!

பழைய வாதம்

"சட்டம் போட்டுக் கூலியைக் கூட்டினால் முதலாளி ஆளைக் குறைப்பார். ஏழைக்கு இருக்கிற வேலையும் போய்விடும்" என்று அறிஞர்கள் பலர் சொல்லி வந்தார்கள். இது உண்மையா?

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரல் 1-ந் தேதி குறைந்தபட்சக் கூலி உயர்ந்தது. மணிக்கு 4.25 டாலராக இருந்தது, 5.05 டாலர் ஆயிற்று. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் கூலி உயரவில்லை.

டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரு பேராசிரியர்கள் இதைக் கவனித்தார்கள். இரண்டு மாநிலங்களிலும் 410 சிற்றுண்டிக் கடைகளில் விசாரித்தார்கள். கூலி உயருமுன் ஒரு தடவை. உயர்ந்தபின் ஒரு தடவை. அரை நேர வேலைக்காரர் இருவரை ஓர் ஆள் என்று கணக்கிட்டார்கள்.

இரண்டு கழித்தல்

நியூஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.44 ஆட்கள் இருந்தார்கள். பிறகு 21.03 ஆயிற்று. கூடியது 0.59.

பென்சில்வேனியாவில் 23.33 ஆட்கள் இருந்தார்கள். பிறகு 21.17 ஆயிற்று. குறைந்தது 2.16.

அந்த ஆண்டு அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம். கூலி உயராத இடத்திலேயே ஆள் குறைந்தது. கூலி உயர்ந்த இடத்தில் குறையவில்லை!

1994-ல் இந்த ஆராய்ச்சி வெளிவந்ததும் பெரிய சர்ச்சை கிளம்பியது. வேறு இருவர் கடைகளின் சம்பளக் கணக்கை வாங்கிப் பார்த்து, முடிவு தவறு என்றார்கள். கார்டும் குரூகரும் சர்க்கார் புள்ளிவிவரத்தைக் கொண்டு மறுபடி பார்த்தார்கள். பெரிய வேலை இழப்பு இல்லை என்றே 2000-ல் பதில் சொன்னார்கள்.

குரூகர் 2019-ல் காலமானார். கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால், கூலியை எவ்வளவு கூட்டினாலும் வேலை போகாது என்று ஆகிவிடாது. அந்த ஊரில், அந்த அளவு உயர்வுக்கு, அந்தக் கடைகளில் கண்டது இது.

நீங்களும் செய்யலாம்

"இதனால்தான் அது நடந்தது" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முன்பு எவ்வளவு? இப்போது எவ்வளவு? அது இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு எண்களை எழுதுங்கள். கல்லூரியில் இதைப் படிக்கும் பிள்ளைகளும் முதலில் கட்டம் போடட்டும். சூத்திரம் பிறகு வரட்டும்.

ஒன்று முக்கியம். ஒப்பிடும் இரண்டும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டும். பத்து வயதுப் பையனைப் பத்து வயதுப் பையனோடு நிறுத்திப் பாருங்கள், கைக்குழந்தையோடு அல்ல!

டானிக்குக்குக் காசு கொடுக்குமுன், பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ள உயரக் கோட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.