ஆந்தரிடியம்

ஸ்போர்கள் வழியாகப் பரவும் தாவரங்களின் ஆண் இனப்பெருக்க உறுப்பு ஆந்தரிடியம். மாஸ்களிலும் பெரணிகளிலும் உள்ள இவ்வுறுப்பு பல பாசிகளிலும் சில பூஞ்சைகளிலும் உண்டு. விலங்குகளில் விந்தணு உருவாகக் குன்றல் பகுப்பு நடந்தாக வேண்டும். ஆந்தரிடியத்தைத் தாங்கும் கேமீட்டகத் தாவரமோ (கேமீட்டுகளை, அதாவது இனச்செல்களை, உருவாக்கும் தலைமுறை) ஏற்கெனவே ஒற்றைமடியமானது; அதன் செல்களில் ஒரு தொகுதி குரோமோசோம்களே உள்ளன. எனவே சாதாரண மைட்டாசிஸ் பகுப்பே ஆண் கேமீட்டுகளை உண்டாக்கிவிடுகிறது.

பாசிகளில் இதன் அமைப்பு பலவகைப்படும். ஈடோகோனியம் என்னும் இழைப்பாசியில் ஒவ்வொரு ஆந்தரிடியமும் ஒரு குட்டைச் செல்தான். குளங்களில் வளரும் கேராவில் அது வெறும் கண்ணுக்கே தெரியும் செம்மஞ்சள் உருண்டை. எட்டுக் கேடயச் செல்கள் அதன் சுவராக அமைகின்றன. உள்ளே சுருண்டு கிடக்கும் இழைகளின் ஒவ்வொரு செல்லும் ஒரு ஆண் கேமீட்டைத் தருகிறது.

நிலத்துக்கு வந்த தாவரங்களில் கேமீட்டுகள் உலராமல் காக்க, மலட்டுச் செல்களாலான உறை ஆந்தரிடியத்தைச் சூழ்ந்துள்ளது. ஃபியுனேரியா மாஸில் தண்டு நுனியில் கதாயுத வடிவ ஆந்தரிடியங்கள் கொத்தாக நிற்கின்றன. மார்கான்ஷியா என்னும் ஈரல் தாவரத்தில் அவை காம்புடைய தட்டு ஒன்றின் மேற்பரப்பில் புதைந்துள்ளன. மழைத்துளி தெறிக்கும்போது, இரண்டு கசையிழைகள் கொண்ட கேமீட்டுகள் பரவுகின்றன.

பெரணியின் கேமீட்டகமான இதய வடிவ முன்உடலத்தின் அடிப்புறத்தில் ஆந்தரிடியங்கள் உருவாகின்றன. பெரும்பாலான பெரணிகளில் உறை மூன்றே செல்களால் ஆனது. நீர் பட்டதும் மூடிச்செல் விலக, பல கசையிழைகள் கொண்ட சுருள் வடிவக் கேமீட்டுகள் வெளியேறி நீந்துகின்றன. பெண் உறுப்பான ஆர்க்கிகோனியத்தை நோக்கி அவற்றை வேதிப்பொருள்கள் ஈர்க்கின்றன. மாலிக் அமிலத்துக்கு இத்தகைய ஈர்ப்பு உண்டு என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1884-இல் காட்டினார். சில பெரணிகளில் முந்தி வளர்ந்த முன்உடலம் ஆந்தரிடியோஜன் என்னும் பொருளைச் சுரந்து, அண்டையிலுள்ள இளம் முன்உடலங்களை ஆந்தரிடியம் உண்டாக்கத் தூண்டுகிறது. இதனால் அயல் கருவுறுதலுக்கு வாய்ப்புக் கூடுகிறது.

பெரும்பாலான பூஞ்சைகளில் நீந்தும் கேமீட்டுக்கு வேலையில்லை. பைரோனீமா என்னும் பூஞ்சையில் பெண் உறுப்பிலிருந்து நீளும் குழாய் ஆந்தரிடியத்தைத் தொடுகிறது. இடைச்சுவர் கரைந்து உட்கருக்கள் பெண் உறுப்புக்குள் செல்கின்றன. நாம் உண்ணும் காளான்களில் ஆந்தரிடியமே கிடையாது.

விதைத் தாவரங்களிலும் இவ்வுறுப்பு இல்லை. சைகஸ், ஜிங்கோ ஆகியவற்றில் நீந்தும் கேமீட்டுகள் மட்டும் எஞ்சியுள்ளன. பூக்கும் தாவரங்களில் ஆண் கேமீட்டகம் மகரந்தத்தின் இரண்டு மூன்று செல்களாகச் சுருங்கிவிட்டது. மகரந்தக் குழாயே கேமீட்டுகளைச் சூல்வரை கொண்டுசெல்வதால், கருவுறுதலுக்குப் புறநீர் தேவைப்படுவதில்லை.