ஆய்வுக்குக் கூப்பிடுறாங்களா? கையெழுத்துக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பிசியோதெரபி பிரிவில் உங்கள் முறைக்காகக் காத்திருக்கிறீர்கள். ஒரு மாணவி வந்து, "ஆய்வுக்காக ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" என்று கேட்கிறார். சிறப்புப் பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கூகுள் படிவம் வந்து விழுகிறது. புதிதாக வடிவமைத்த சக்கர நாற்காலியை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று ஒரு பொறியியல் கல்லூரி அழைக்கிறது.

நீங்கள் மாற்றுத்திறனாளியாக இருந்தாலும், அவரைப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலும், இப்படி ஓர் அழைப்பு என்றாவது வரலாம். சரின்னு சொல்லலாமா? மாட்டேன்னு சொன்னா சிகிச்சையை நிறுத்திடுவாங்களா? இதற்கான பதில்கள் சட்டத்திலேயே தெளிவாக இருக்கின்றன.

நாம ஏன் கலந்துக்கணும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.79 லட்சம் பேர். அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது 8 வகைகள் மட்டுமே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 வந்த பிறகு பட்டியல் 21 வகையாக விரிந்தது. ஆட்டிசம், தசைச் சிதைவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய் எல்லாம் அதில் இடம்பெற்றன. இவர்களுக்கு என்ன தேவை, எந்தப் பயிற்சி பலன் தருகிறது என்பதை ஆய்வு செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். கணக்கிலேயே வராதவருக்குத் திட்டம் எங்கிருந்து வரும்?

கருவிகள் விஷயத்திலும் இதே கதைதான். சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவிகள் ஆய்வு மையம், எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி, 'நியோபிளை' சக்கர நாற்காலி, 'கடம்' செயற்கை முழங்கால் ஆகியவற்றை உருவாக்கியது. இப்படிப்பட்ட கருவியை யாராவது நம் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்து, "இங்க இடிக்குது, இங்க வழுக்குது" என்று சொன்னால்தான் அது உண்மையில் பயன்படும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. ஆய்வின் பலன் உங்களுக்கே கிடைக்கும் என்ற உறுதி இல்லை. சில ஆய்வுகளில் பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புதிய பயிற்சி, இன்னொரு குழுவுக்கு வழக்கமான பயிற்சி. எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்பது உங்கள் கையிலும் இல்லை, டாக்டர் கையிலும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

2016 சட்டத்தின் 6-வது பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. முதலாவது, மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த அவரே விருப்பத்துடன், விவரம் புரிந்து ஒப்புதல் தர வேண்டும். அவருக்குப் புரியும் வடிவில் விவரம் சொல்லியே அந்த ஒப்புதலைப் பெற வேண்டும். இரண்டாவது, இதற்கென அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆய்வுக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அந்தக் குழுவின் உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ, பதிவு பெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களோ இருக்க வேண்டும்.

இதோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வு நடத்தும் நிறுவனம் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும்.

எனவே, கண் தெரியாதவரிடம் அச்சுத் தாளை நீட்டி "இங்க ஒரு கையெழுத்து" என்று கேட்பது ஒப்புதல் ஆகாது. பிரெய்லி, ஒலிப்பதிவு, சைகை மொழிபெயர்ப்பாளர், படங்களுடன் எளிய தமிழ் என உங்களுக்கு எது தேவையோ அதைக் கேளுங்கள். போனில் டாக்பேக் பயன்படுத்துகிறீர்களா? ஸ்கேன் செய்த படம் வேண்டாம், செயலி வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாக அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவில் இல்லாத ஒரு நடுநிலைச் சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. இந்த ஆய்வு எதற்காக? நடத்துவது யார்? பணம் கொடுப்பது யார்?
2. நான் என்ன செய்யணும்? எத்தனை தடவை வரணும்? ரத்தம் எடுப்பீங்களா, வீடியோ எடுப்பீங்களா?
3. வலியோ ஆபத்தோ இருக்கா? ஏதாவது ஆனால் சிகிச்சைச் செலவு யாருடையது?
4. என் பெயர், படம், யு.டி.ஐ.டி. எண் எல்லாம் எங்கே இருக்கும்? யார் பார்ப்பார்கள்?
5. நடுவில் விலகினால் என்ன ஆகும்?
6. சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் தாளில் இருக்கா?

பதிலை அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்று தாராளமாகச் சொல்லலாம். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டும். அதைப் போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இப்போதே தெரிந்துகொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையையோ, உதவித்தொகையையோ, பள்ளிச் சேர்க்கையையோ யாரும் நிறுத்தக் கூடாது.

பராமரிப்பவர் கவனத்துக்கு

"அவனுக்கு என்ன தெரியும், நானே சொல்லிடறேன்." அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் ஆய்வில் அவருடைய குரலும் வேண்டும். 7 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்கின்றன நெறிமுறைகள். 12 வயதுவரை வாய்மொழியாகப் போதும், அதற்கு மேல் எழுத்து மூலம் வேண்டும். பேச வராத பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கையைத் தட்டிவிடுவதும் பதில்தான். அதை மதியுங்கள்.

18 வயது முடிந்துவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டபூர்வப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. மனநலப் பாதிப்பு உள்ளவர்களை ஆய்வில் சேர்ப்பதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தனி நிபந்தனைகள் வைத்துள்ளது.

சில ஆய்வுகள் உங்களைப் பற்றியவை. தூக்கம், முதுகுவலி, கைவிட்டுப்போன வேலை, மனச்சோர்வு பற்றியெல்லாம் கேட்பார்கள். அங்கே பங்கேற்பாளர் நீங்கள்தான். ஒப்புதலும் உங்களுடையது, மறுப்பும் உங்களுடையது. அந்தப் பேட்டியைத் தனியறையில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கும் இல்லையா?

காசு கேட்டால் உஷார்

ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்கோ, பயிற்சிக்கோ, ஊசிக்கோ பங்கேற்பாளரிடம் பணம் வாங்கக் கூடாது. பயணச் செலவு, அன்றைய கூலி இழப்பு போன்றவற்றை அவர்கள்தான் உங்களுக்குத் தரலாம்.

குறிப்பாக ஸ்டெம் செல். "ஆட்டிசம் சரியாகிடும், இது புது ஆராய்ச்சி" என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. நகையை அடகு வைக்கும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கான 2017 தேசிய வழிகாட்டுதல்கள், சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ஏற்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, மற்றவற்றை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்கின்றன. ஆய்வு என்றால் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்டால் அது ஆய்வு இல்லை.

மருந்துப் பரிசோதனைகளுக்கு 2019-ம் ஆண்டு விதிகள் பொருந்தும். பரிசோதனையால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும், இழப்பீடும் உங்கள் உரிமை.

போனிலேயே சரிபார்க்கலாம்

மருந்து, சிகிச்சை, கருவி சார்ந்த ஆய்வு என்றால் "சி.டி.ஆர்.ஐ. எண் என்ன?" என்று கேளுங்கள். இது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண். 2007-ல் தொடங்கிய இந்த இணையதளத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணையோ, நோயின் பெயரையோ போட்டுத் தேடினால் ஆய்வாளர் யார், எங்கே நடக்கிறது, நெறிமுறைக் குழு ஒப்புதல் உண்டா, ஆள் சேர்ப்பு இன்னும் நடக்கிறதா என்பது தெரியும். மாணவர்கள் நடத்தும் கேள்வித்தாள் ஆய்வுகள் அங்கே இல்லாமல் இருக்கலாம். அப்போது கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கடிதத்தைக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் படிவத்தில் நிறுவனத்தின் பெயர் இல்லையா? ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி. கேட்கிறதா? மூடிவிடுங்கள். எந்த ஆய்வுக்கும் ஓ.டி.பி. தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

புகார் எங்கே சொல்வது?

முதலில் படிவத்தில் உள்ள நெறிமுறைக் குழு. அடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். உரிமை மீறல் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஆய்வு முடிந்ததும், "முடிவு என்ன வந்துச்சு? தமிழ்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். நேரம் கொடுத்தது நீங்கள், விவரம் கொடுத்தது நீங்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு.