உயிரின் இழைகள் – 9: உடம்புக்கு ஒரே வயதா?

1955 முதல் 1963 வரை வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. காற்றில் இருந்த கார்பன்-14 ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1963இல் ஒப்பந்தம் போட்டு நிறுத்திய பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. அந்தக் காற்றைப் பயிர் எடுத்தது, பயிரை ஆடுமாடு தின்றது, எல்லாம் கடைசியில் மனிதனின் சோற்றுத் தட்டுக்கு வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அந்த ஆண்டுக் காற்றின் கார்பன் அளவு பதிந்துவிடுகிறது. அதன்பின் அது பெரிதாக மாறுவதில்லை.

மனிதன் செய்த அந்தக் கொடுமையிலிருந்து ஒரு நல்ல காரியத்தை எடுத்தார்கள், ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் யோனாஸ் ஃப்ரிசெனும் அவருடைய குழுவினரும். கார்பன்-14 அளவைப் பார்த்து, நம் உடம்பின் ஒவ்வொரு திசுவும் எப்போது பிறந்தது என்று 2005 முதல் கணக்கிட்டுச் சொன்னார்கள். எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு என நால்வகைத் திசுக்களைச் சென்ற வாரம் அறிமுகம் செய்துகொண்டோம். அவற்றுக்கு ஒரே வயது இல்லை.

எபிதீலியம்தான் இருப்பதிலேயே இளையது. சிறுகுடலின் உட்பரப்பு மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் முழுசாகப் புதிதாகிவிடும். மேல்தோலுக்கு ஒரு மாதம் போல ஆகும். காரணம் அதன் வேலையிலேயே இருக்கிறது. பித்தநீர், செரிமான நொதிகள், உணவின் உராய்வு, வெயில், கிருமி என வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் முதலில் தாங்குவது அதுதான். அடிபட்ட செல்லைப் பழுதுபார்ப்பதைவிட உதிர்த்துவிட்டு வேறொன்றை வைப்பது உடம்புக்குச் சுலபம். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் முடி உதிர்வும் வருவது இதனால்தான். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் மருந்து, புற்றுநோய் செல்லையும் குடல் செல்லையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில் தொடங்குவதற்கும் இந்த ஓயாத பிரிதல் ஒரு முக்கியக் காரணம்.

இணைப்புத் திசுவுக்குள் வந்தால் ஒரே குடும்பத்தில் எத்தனை சுபாவங்கள்! ரத்தமும் அதில் சேர்த்திதான். சிவப்பணு 120 நாள் வாழும். எலும்பு தன்னைத்தானே கரைத்துக் கரைத்துக் கட்டிக்கொள்கிறது. அதனால்தான் முறிந்த கை கூடுகிறது. குருத்தெலும்பு அப்படியில்லை. அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது; மூட்டுநீரிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. அழிந்த குருத்தெலும்பு மீளாது என்று வில்லியம் ஹன்டர் 1743இலேயே எழுதினார். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும் ஒவ்வொருவருக்கும் இன்றும் அது உண்மையாகவே இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது குதிகால் தசைநாண். டென்மார்க் ஆய்வாளர்கள் அதே கார்பன் கணக்கை 2013இல் அதற்கும் போட்டுப் பார்த்தார்கள். அந்த நாணின் உட்பகுதி நாம் வளரும் பருவத்தில், ஏறக்குறைய 17 வயதுக்குள், உருவாகிவிடுகிறது. பிறகு அது புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று சொல்லலாம். அறுபது வயதில் நாம் நடப்பது பள்ளிக்கூட நாட்களில் கட்டிய நாணைக் கொண்டுதான். பிள்ளைகளை விளையாட விடாமல் விளையாட்டுப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கும் பள்ளிகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

எலும்போடு ஒட்டிய தசைகளில், நார்களின் ஓரத்தில் துணைச் செல்கள் ஒட்டிக் கிடக்கின்றன. 1961இல் அலெக்சாண்டர் மாரோ அவற்றைக் கண்டுபிடித்தார். தசை கிழிந்தால் அவை விழித்தெழுந்து தைக்கின்றன. இதயத் தசைக்கு அப்படியொரு படை இல்லை. 25 வயதில் இதயத் தசை செல்களில் ஆண்டுக்கு 1 சதவீதமும், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவாகவும்தான் புதிதாகின்றன என்று ஃப்ரிசென் குழு 2009இல் கண்டது. மாரடைப்பில் ஒரு பகுதி இறந்துபோனால் அந்த இடத்தை நிரப்புவது தசையல்ல, தழும்பு. தழும்பு சுருங்கி விரியாது.

கடைசியாக நரம்பு. பெருமூளைப் புறணியின் நியூரான்களுக்கு நம்முடைய வயதேதான். நாம் கற்றதும் நினைவில் வைத்திருப்பதும் அந்தச் செல்களுக்கு இடையிலான இணைப்புகளில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அவை தோலைப் போல உதிர்ந்தால் தாயின் முகம்கூட நமக்குத் தங்காது. அந்த நிலைத்த தன்மைக்குக் கொடுக்கும் விலைதான் பக்கவாதம். மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால், சிகிச்சை இல்லாத ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன. வாய் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ, கை வைத்தியம் பார்க்கவும் காலை வரை பொறுக்கவும் நேரமில்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

(தொடரும்)