செல்போன் பாட்டுக்கு 4558 எதற்கு?

மலிவு விலை ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால், டிரான்ஸ்ஃபார்மர் நீங்கலாகப் பெரும்பாலும் இரண்டே போர்டுதான். முன்பக்கம் பாஸ், ட்ரெபிள் திருகுகளோடு டோன் போர்டு. அதில் 4558 என்ற எட்டுக்கால் ஐசி. பின்னால் அலுமினியத் தகட்டில் திருகிய டிடிஏ2030 என்ற பவர் ஐசி. ஸ்பீக்கரை ஓட்டுவது பின்னால் இருப்பதுதான். 4558 சிறு சிக்னலைப் பெருக்கும் ஓர் ஆப்-ஆம்ப். பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் வெளியிட்ட டோன் சர்க்யூட்டின் வாரிசு ஒன்றை இன்றும் அது சுமக்கிறது.

செஞ்சிக் கடைத்தெருவில் என்னிடம் செட்டைத் தூக்கி வருகிறவர்களின் குறை ஒன்றுதான்: “அண்ணா, பாட்ட நிறுத்தினாலும் உஸ்ஸுன்னு எறையுது.” வால்யூமைக் குறைத்தாலும் அது அடங்காது. பல போர்டுகளில் வால்யூம் 4558க்கு முன்னாலேயே இருக்கிறது; இரைச்சல் அதற்குப் பின்னால் பிறக்கிறது. அதை டிடிஏ2030 சுமார் 32 மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

செல்போன் அரை வோல்ட் தந்தாலே, 32ஆல் பெருக்கினால் 16. பிளஸ் மைனஸ் 14 வோல்ட்டில் ஓடும் ஐசியால் அதைத் தரவே முடியாது. அப்படியிருக்க, நடுவில் இன்னொன்று எதற்குப் பெருக்க வேண்டும்?

அதனால் 4558ஐ விலக்கி, பாட்டை நேராகப் பவர் ஐசிக்கு அனுப்பிவிடுவேன். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கன்டென்சர்களில் சார்ஜ் வடிந்த பிறகுதான் கை வைப்பேன். 4558இன் அவுட்புட் கன்டென்சரில் ஒரு காலைத் தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டால் சிக்னலை 4558இன் அவுட்புட்டே விழுங்கிவிடும், பாட்டு முனகும். பிறகு வால்யூமின் நடுக்காலிலிருந்து ஷீல்டு வயரில் நேராகப் பவர் ஐசிக்கு, வழியில் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கன்டென்சர் ஒன்று. பவர் போர்டில் ஏற்கெனவே அது இருந்தால் போதும். டிசி உள்ளே போனால் ஸ்பீக்கர் காயில் கருகக்கூடும் என்பதால் இந்தக் கன்டென்சரில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 22 கிலோ ஓம் இன்புட்டுக்கு இந்த அளவு 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், பாஸ் குறையாது.

வேலை முடிந்ததும் கூத்துப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்பேன். முகவீணை ஓய்ந்து, கட்டியக்காரன் வாய் திறப்பதற்கு முன் இழுக்கும் மூச்சு காதில் விழுந்தால் வேலை சுத்தம்.

ஆப்-ஆம்பைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாம் கேட்கும் பாட்டே ஒலிப்பதிவுக் கூடத்தில் எத்தனையோ ஆப்-ஆம்ப்களைக் கடந்து வந்ததுதான். 4558ஐக் கழற்றி, அதே கால் அமைப்புள்ள 5532 மாட்டினால் இரைச்சல் குறையும், நிஜம். ஆனால் சந்தையில் போலிகள் ஏராளம். தேவையில்லாத பெருக்கமும் அப்படியே நிற்கும்.

மைக் செட்டில் மட்டும் 4558ஐ விலக்கும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. மேலச்சேரி திரௌபதியம்மன் கோயில் கூத்தில் பாடுகிறவரின் மைக் தருவது சில மில்லிவோல்ட். முன்னால் பெருக்க ஆளில்லாவிட்டால் கடைசி வரிசைக்குக் குரல் எட்டாது. பாஸ் திருகாமல் பாட்டே கேட்க முடியாது என்பவர்களுக்கும் இது ஒத்துவராது. இரண்டும் வேண்டுமென்றால் ஆறுகால் சுவிட்ச் ஒன்று போதும்: ஒரு பக்கம் டோன் போர்டு, மறுபக்கம் நேர்வழி, நடுக்கால்கள் பவர் ஐசிக்கு. அப்போது எந்தக் காலையும் தூக்க வேண்டியதில்லை.